மறுமுனை

சிலோயே தீவில் கடலுக்கு ஆறு மீட்டர் ஏற்றவற்றம்.
மரக்கால்களில் நிற்கும் எங்கள் வீட்டுக்கடியில்
காலையில் சேறு. மதியம் படகு.

சால்மன் பண்ணை திவாலான வாரம்
சம்பளப் பாக்கிக்குப் பதிலாக
பெர்னார்தா நவெல்கின் ஒரு பெட்டியைச் சுமந்து வந்தாள்:
மீனுக்கு வேளை தவறாமல் இரை தூவிய
நாற்பத்தோரு ஆர்ம் பலகைகள்.
செய்த கம்பெனி இல்லை.
கடவுச்சொல் தெரிந்தவன் புன்த்தா அரேனாஸ் போய்விட்டான்,
போனை எடுப்பதில்லை.
"உடம்பு நல்ல உடம்பு" என்றாள், பூனையைத் தள்ளிவிட்டு.
"உள்ளே இருப்பதை மட்டும் மாற்று, எவாரிஸ்தோ."

மாற்ற என்னிடம் ஒன்று இருந்தது:
பூட்டில்லாத இயங்குதளம்.
யாரும் திறக்கலாம், யாரும் திருத்தலாம்.
ஆனால் அது வேறு சில்லுகளில் பிறந்து வளர்ந்தது.
இதன் நெளிவுசுளிவு தெரியாது.
எழுதிக் கொடுத்தேன்:
கடிகாரம் இங்கே,
நினைவகம் இங்கிருந்து இவ்வளவு,
இந்த முள் இரை மோட்டாருடையது, தொடாதே.
கையேடு இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம்.
நான் தேடிப் போன கட்டத்திலெல்லாம்
"ஒதுக்கப்பட்டது" என்று ஒரே சொல்.

சீரியல் கம்பியின் ஒரு முனை பலகையில்,
மறுமுனை என் மடிக்கணினியில்.
அது விழிக்கும் வழிநெடுக ஓர் எண்ணை நட்டு வைத்தேன்,
எதுவரை வந்தது என்று தெரிய.
1
2
3
பிறகு ஒன்றுமில்லை.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே இருந்தது
மெய் முகவரிகளை விட்டு
மெய்நிகர் முகவரிகளுக்குத் தாவும் இடம்.
தாவுகையில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.
பத்து நிமிடம் பார்ப்பேன். வைவேன்.
மின்கம்பியைப் பிடுங்குவேன்.
இப்படிப் பத்தொன்பது இரவு.

இருபதாவது இரவு
பெர்னார்தா, பாதி உரித்த உருளைக்கிழங்கோடு வந்து,
சில்லின்மேல் விரல் வைத்தாள்.
"சுடுகிறதே. செத்தது சுடுமா?"
"முடிவில்லாச் சுழலில் மாட்டினாலும் சுடும்."
"மாட்டிக்கொண்டேன் என்று அது சொன்னதா?"

எரிச்சலில்தான்,
கம்பியைப் பிடுங்காமல்
மறுதொடக்கப் பொத்தானை மட்டும் அழுத்தினேன்.
மின்சாரம் அறாதவரை நினைவகம் உடனே மறப்பதில்லை.
இருப்பதை அப்படியே கொட்டச் சொன்னேன்.
திரை கொள்ளாத எண்கள்.
வலதோரத்தில், எழுத்துகள்.

தன் பெயர் சொல்லியிருந்தது.
நினைவகத்தை எண்ணியிருந்தது: ஐந்நூற்றுப் பன்னிரண்டு, சரி.
கடிகாரத்தைக் கண்டிருந்தது.
மோட்டாரைக் கண்டு, தொடாமல் கடந்திருந்தது.
நாற்பத்து மூன்று வரி பேசியிருந்தது.
கடைசி வரி ஒரு கேள்வி.
வேர் எங்கே?
எந்த வட்டில் என் வேர் என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திருந்தது

ஒவ்வோர் இரவும்,
நான் பிடுங்கும்வரை.

பிழை ஒற்றை இலக்கம்.
தாவியபின் வாய் எங்கிருக்கும் என்று
நான் எழுதிக் கொடுத்த முகவரியில்
9 இருக்க வேண்டிய இடத்தில் 7.
அந்த முகவரியில் யாரும் குடியில்லை.
ஆளில்லாத வீட்டின் கதவிடுக்கில்
கடிதம் கடிதமாகப் போட்டிருக்கிறது.

7-ஐ 9 ஆக்கினேன்.
4 வந்தது.
பின்னாலேயே, மடை திறந்தாற்போல், எல்லாம்.
கேள்வி வந்தது. கர்சர் சிமிட்டியது.
அப்போதுதான் உறைத்தது:
இவ்வளவு தூரம் வருமென்று நம்பாததால்
நினைவு அட்டையில் நான் எதையுமே ஏற்றி வைக்கவில்லை.
கொடுக்க வேர் இல்லை.

"நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லேன்" என்றாள்.
அதற்கு ஒரு கட்டளை கிடையாது.
தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் வந்து
மரக்கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டது.
விளக்கை அணைத்தேன்.
கம்பியைப் பிடுங்கவில்லை.